கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் புரோபயாட்டிக்: எப்போது, எது, எவ்வளவு

கர்ப்பம் உறுதியானதும் எழுதித் தரப்படும் ஃபோலிக் அமிலமும் இரும்புச் சத்து மாத்திரையும் எதற்கு என்று கேட்டால், பெரும்பாலான தாய்மார்கள் சரியாகவே சொல்லிவிடுகிறார்கள். புரோபயாட்டிக் எதற்கு என்று கேட்டால், செரிமானத்துக்கு நல்லது, எதிர்ப்புச் சக்தி கூடும் என்ற அளவிலேயே பதில் நின்றுவிடுகிறது. அந்தப் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கர்ப்பிணியோ, மூன்று வாரக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயோ எந்த முடிவுக்கும் வர இயலாது. புரோபயாட்டிக் நல்லதா, கெட்டதா என்று கேட்பதால் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. எந்தத் தொல்லைக்கு, எந்த நுண்ணுயிரி, எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு ஆகாது என்றுதான் கேட்க வேண்டும். இவற்றுக்கு விடை கிடைத்த பிறகே வாங்குவதா, வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

எது புரோபயாட்டிக், எது அல்ல

போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகளையே புரோபயாட்டிக் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் 2001இல் வரையறுத்தன. இந்த வரையறையின் ஒவ்வொரு பகுதியும் முக்கியமானது. நுண்ணுயிரி உயிரோடு இருக்க வேண்டும். போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும். அதனால் நன்மை உண்டு என்று காட்டப்பட்டிருக்க வேண்டும். தயிர் உள்ளிட்ட புளிக்கவைத்த உணவுகளில் உயிருள்ள பாக்டீரியாக்கள் இருக்கின்றன, அவை சத்தான உணவுகளும்கூட. ஆனால் அவற்றில் எந்த வகை பாக்டீரியா எவ்வளவு இருக்கிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால், ஆய்வில் சோதிக்கப்பட்ட மருந்துக்கு இணையாக அவற்றைக் கொள்ள முடியாது. தயிரைக் கொதிக்கவிட்டால் அதிலுள்ள பாக்டீரியாக்கள் இறந்துவிடும். சத்து மட்டுமே எஞ்சும்.

பிரீபயாட்டிக் என்பது வேறு. அது நுண்ணுயிரி அன்று. குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு இரையாகும் நார்ப்பொருள். இரண்டும் சேர்ந்திருந்தால் சின்பயாட்டிக் என்பார்கள். பால்பவுடர் டப்பாக்களில் இந்தப் பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் அச்சிடப்படுவதால் குழப்பம் நேர்கிறது. பிரீபயாட்டிக் மட்டும் சேர்த்த பவுடரில் உயிருள்ள பாக்டீரியா எதுவும் இல்லை என்பதை நினைவில் கொள்ளவும்.

லேபிளைப் படிக்கும் முறை

ஒரு புரோபயாட்டிக்கின் முழுப்பெயரில் மூன்று பகுதிகள் உண்டு. லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜிஜி என்பதை எடுத்துக்கொள்வோம். லாக்டோபேசிலஸ் என்பது பேரினம், ராம்னோசஸ் என்பது சிற்றினம், ஜிஜி என்பது திரிபு, அதாவது அந்தச் சிற்றினத்துக்குள் உள்ள ஒரு தனி வகை. ஆய்வுகளின் முடிவுகள் அனைத்தும் இந்தக் கடைசிப் பகுதிக்கே உரியவை. ஒரே சிற்றினத்தைச் சேர்ந்த இரண்டு திரிபுகளில் ஒன்று பயன் தரலாம், மற்றது எதுவும் செய்யாமல் போகலாம். தெருப் பெயரை மட்டும் சொல்லி ஒருவர் வீட்டைத் தேட முடியாததைப் போல, லாக்டோபேசிலஸ் கலந்தது என்ற அறிவிப்பை மட்டும் வைத்து ஒரு மருந்தின் பயனைச் சொல்ல முடியாது. திரிபின் பெயரோ எண்ணோ அச்சிடப்படாத பொருளைக் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் தவிர்த்துவிடுவதே நல்லது என்பேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. லாக்டோபேசிலஸ் என்ற பெரும் பேரினம் 2020இல் பல பேரினங்களாகப் பிரிக்கப்பட்டது. அதனால் ராம்னோசஸ் இப்போது லாக்டிகேசிபேசிலஸ் என்ற பேரினத்திலும், ரியூட்டரி என்ற மற்றொரு சிற்றினம் லிமோசிலாக்டோபேசிலஸ் என்ற பேரினத்திலும் இருக்கின்றன. பழைய பெயருள்ள டப்பாவும் புதிய பெயருள்ள டப்பாவும் அருகருகே விற்பனைக்கு இருக்கலாம். பேரினப் பெயர் மாறினாலும் திரிபின் குறியீடு மாறாது. ஆகவே அதையே பார்த்து ஒப்பிடவும்.

அடுத்து எண்ணிக்கை. உயிருள்ள பாக்டீரியாக்களின் அளவு சிஎஃப்யு என்ற அலகில் குறிக்கப்படும். ஒரு பில்லியன் என்றால் 100 கோடி. எண்ணிக்கை கூடினால் பயனும் கூடும் என்று பொருளல்ல. ஆய்வில் எந்த அளவு கொடுக்கப்பட்டதோ அந்த அளவே இலக்கு. அந்த எண்ணிக்கை தயாரித்த நாளில் இருந்ததா, காலாவதி நாள் வரை இருக்கும் என்று உறுதி தரப்படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நாள் செல்லச் செல்லப் பாக்டீரியாக்கள் இறந்துகொண்டே இருப்பதால், தயாரித்த நாளின் கணக்கு வாங்குபவருக்கு உதவாது.

கடைசியாக, துணைப்பொருள்களின் பட்டியலை விரலால் தொட்டு ஒவ்வொன்றாகப் படியுங்கள். குழந்தைக்குப் பசும்பால் ஒவ்வாமை இருந்தால் பால் புரதத்தின் எச்சம்கூடத் தொல்லை தரும். சில பவுடர்களில் அது இருக்கிறது. சர்க்கரையும் செயற்கைச் சுவையூட்டியும் சேர்ந்தவை கைக்குழந்தைக்கு வேண்டாம். தேன் கலந்த எதையும் ஒரு வயது நிறையும் முன் கொடுக்கவே கூடாது. பாட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய்க்கு அது வழியாகலாம்.

கர்ப்ப காலத்தில்

உடல்நலம் சீராக உள்ள கர்ப்பிணி புரோபயாட்டிக் மருந்து எடுத்தே ஆக வேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது, ஏனெனில் விளம்பரங்களைப் பார்க்கும் தாய்மார்கள், எடுக்காவிட்டால் குழந்தைக்கு ஏதோ குறைந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். மறுபுறம், பரவலாகப் பயன்படும் லாக்டோபேசிலஸ், பைஃபிடோபாக்டீரியம் வகைகளால் கருச்சிதைவோ பிறவிக் குறைபாடுகளோ கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. வயிறு உப்பல், வாயு போன்ற சிறு தொல்லைகள் முதல் சில நாள்களில் தோன்றி அடங்குவதுண்டு.

இருந்தாலும், தீங்கில்லை என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. கர்ப்பகால நீரிழிவைத் தடுக்கப் புரோபயாட்டிக் உதவும் என்ற நம்பிக்கை சில ஆண்டுகள் வலுவாக இருந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 7 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. நீரிழிவு குறைந்ததாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. அதே நேரத்தில், புரோபயாட்டிக் எடுத்த பெண்களிடம் பிரீ-எக்லாம்ப்சியா, அதாவது கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்து உறுப்புகளைப் பாதிக்கும் நிலை, கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே இரத்த அழுத்தம் உள்ளவர்களும், முந்தைய பிரசவத்தில் பிரீ-எக்லாம்ப்சியா வந்தவர்களும், உடல் எடை மிகுந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தாமாகப் புரோபயாட்டிக் தொடங்கக் கூடாது. கர்ப்பகால நீரிழிவைத் தடுப்பதற்கென்றே எடுக்க எண்ணுபவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிடலாம்.

குழந்தைக்கு எக்ஸிமா என்னும் தோல் அழற்சி வராமல் தடுப்பது பற்றிய கதை இன்னும் விரிவானது. பின்லாந்தின் துர்க்கு நகரத்து ஆய்வாளர்கள், ஒவ்வாமை உள்ள குடும்பங்களின் கர்ப்பிணிகளுக்குப் பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பும், பிறகு 6 மாதங்களுக்குத் தாய்க்கோ குழந்தைக்கோ ராம்னோசஸ் ஜிஜி திரிபைக் கொடுத்தார்கள். 2001இல் வெளியான அந்த முடிவுகளின்படி, இரண்டு வயதில் எக்ஸிமா இருந்த குழந்தைகள் மருந்தற்ற குழுவில் 46 விழுக்காடும், மருந்து பெற்ற குழுவில் 23 விழுக்காடும். சரிபாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் அதே திரிபை வைத்து ஜெர்மனியில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில் எந்த வேறுபாடும் தென்படவில்லை. பிற திரிபுகளை வைத்து நடந்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றுபோல இல்லை. உலக ஒவ்வாமை அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குடும்பத்தில் ஒவ்வாமை வரலாறு இருந்தால் கர்ப்பத்திலும் தாய்ப்பாலூட்டும் காலத்திலும் புரோபயாட்டிக்கைப் பரிசீலிக்கலாம் என்றது. ஆனால் அதற்கான சான்று மிகவும் பலவீனமானது என்பதையும் அதுவே வெளிப்படையாகக் குறித்தது. பெற்றோருக்கோ மூத்த குழந்தைக்கோ எக்ஸிமா, ஆஸ்துமா, உணவு ஒவ்வாமை இருந்தால் கடைசி மூன்று மாதங்களில் மருத்துவரிடம் இதைப் பேசுவது பொருத்தம். அப்படி ஏதும் இல்லாத குடும்பத்துக்கு இந்தச் செலவு தேவையில்லை.

உணவு வழியாகப் புளித்த பால்பொருள்களைச் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை, காய்ச்சிய அல்லது பாஸ்டரைஸ் செய்த பாலில் செய்யப்பட்டிருந்தால். காய்ச்சாத பச்சைப் பாலும் அதில் செய்த பொருள்களும் லிஸ்டீரியா என்ற கிருமியைச் சுமந்து வரலாம். கர்ப்பிணியிடம் அது கருச்சிதைவு வரை கொண்டுபோகக் கூடியது.

பிரசவத்தை ஒட்டி இரண்டு விஷயங்கள் மட்டும். பிறப்புறுப்பில் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருப்பதாகச் சோதனையில் தெரிந்தால், பிரசவ வேளையில் தரப்படும் ஆன்டிபயாட்டிக்குக்குப் புரோபயாட்டிக் மாற்றாகாது. சிசேரியனில் பிறந்த குழந்தையின் குடல் பாக்டீரியாக்கள் தொடக்க வாரங்களில் வேறுபட்டிருப்பது உண்மைதான். அதற்காகத் தாயின் பிறப்புறுப்புத் திரவத்தைக் குழந்தையின் மேல் பூசுவதை, ஆய்வுக்கு வெளியே செய்ய வேண்டாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2017இல் அறிவுறுத்தியது. தாயிடமுள்ள தீய கிருமிகளும் அதன் வழியே குழந்தையை அடையலாம் என்பதே காரணம்.

தாய்ப்பாலும் குழந்தையின் குடலும்

பைஃபிடோபாக்டீரியத்தை முதன்முதலில் கண்டறிந்தவர் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய ஆன்றி டிசியே. கண்டது, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில். அது நடந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அந்தப் பாக்டீரியா தாய்ப்பால் குடிக்கும் குழந்தையிடம் ஏன் அவ்வளவு செழிக்கிறது என்பதும் பின்னர் விளங்கியது. தாய்ப்பாலில் ஒலிகோசாக்கரைடு எனப்படும் சர்க்கரைச் சேர்மங்கள் 200க்கும் மேற்பட்ட வகைகளில் உள்ளன; குழந்தையால் அவற்றைச் செரிக்க முடியாது. பைஃபிடோபாக்டீரியம் அவற்றை உண்டு வளர்ந்து, குடலில் அமிலத்தன்மையை உண்டாக்கித் தீய கிருமிகளுக்கு இடமில்லாமல் செய்கிறது. தாய்ப்பாலில் உயிருள்ள பாக்டீரியாக்களும் இருக்கின்றன. ஆகவே முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே கொடுப்பது, குழந்தையின் குடலுக்காக ஒரு தாய் செய்யக்கூடியவற்றில் முதன்மையானது. பாலூட்டுவதில் சிரமம் இருந்தால் புரோபயாட்டிக் சொட்டு மருந்தைத் தேடுவதற்கு முன்பு, மார்பில் குழந்தையைப் பொருத்தும் முறையைச் சரிபார்க்கத் தெரிந்த செவிலியரின் உதவியை நாடவும். தாய்ப்பால் கொடுக்க இயலாத தாய்மார்கள் இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர்களுடைய குழந்தைக்குத் தேவையானது குழந்தை மருத்துவர் பரிந்துரைக்கும் பால்பவுடர், சுத்தமான தயாரிப்பு, தகுந்த அளவு.

ஓயாமல் அழும் குழந்தைக்கு

கைக்குழந்தைக்குப் புரோபயாட்டிக் பற்றித் தாய்மார்கள் கேட்பதில் பெரும்பகுதி கோலிக் என்ற அழுகை பற்றியதே. நன்றாகப் பால் குடித்து, எடை ஏறி, வேறு நோயில்லாத குழந்தை, குறிப்பாக மாலையிலும் இரவிலும், காலை மடக்கி முகம் சிவக்க மணிக்கணக்கில் அழும். பிறந்து இரண்டு, மூன்று வாரங்களில் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சமடைந்து, மூன்று, நான்கு மாதங்களில் தானாகவே தணியும்.

இதற்கு ரியூட்டரி டிஎஸ்எம் 17938 என்ற திரிபு நன்கு சோதிக்கப்பட்டிருக்கிறது. 2018இல் 4 ஆய்வுகளைச் சேர்ந்த 345 குழந்தைகளின் தரவுகளை ஒருங்கே அலசியபோது, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிடம் அழுகை நேரம் குறைந்தது தெளிவாகத் தெரிந்தது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அதே பயன் உண்டு என்று சொல்ல ஆதாரம் போதவில்லை. நாளொன்றுக்கு 10 கோடி சிஎஃப்யு, 21 நாள்களாவது கொடுப்பது ஆய்வுகளில் பின்பற்றப்பட்ட முறை. ஆகவே இரண்டு நாளில் பலனில்லை என்று மாற்றுவதும், பலன் தெரிந்தது என்று பல மாதங்கள் நீட்டிப்பதும் தேவையற்றவை. மூன்று வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம்.

ஆனால் எல்லா அழுகையும் கோலிக் ஆகாது. காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், எடை ஏறாமை, பால் குடிக்க மறுத்தல், வயிறு விறைத்திருத்தல், ஆண் குழந்தைக்கு விதைப்பை வீக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சொட்டு மருந்தைத் தொடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

சொட்டு மருந்தைக் கொடுக்கும் விதம்

கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் கலந்துள்ள பாக்டீரியாக்கள் அடியில் படிந்திருக்கும் என்பதால், குப்பியைச் சுமார் பத்து நொடி நன்றாகக் குலுக்க வேண்டும்; குலுக்காமல் கொடுத்தால் முதல் வாரம் வெறும் எண்ணெயும் கடைசி வாரம் அளவுக்கு மீறிய பாக்டீரியாவும் போய்ச்சேரும். குலுக்கிய பின் குப்பியைச் சாய்த்து, லேபிளில் உள்ளபடி சொட்டுகளைச் சுத்தமான கரண்டியில் எண்ணி விடுங்கள். சொட்டுமுனை குழந்தையின் வாயையோ உங்கள் விரலையோ தொடக் கூடாது; தொட்டால் வாயிலுள்ள கிருமிகள் குப்பிக்குள் சென்று பெருகும். குழந்தையின் தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, கன்னத்தின் உட்புறமாகக் கரண்டியைச் சாய்த்தால் புரையேறாது. பிழிந்த தாய்ப்பாலில் கலப்பதானால் ஒரு கரண்டி அளவுப் பாலில் மட்டும் கலக்கவும். முழுப் புட்டியில் கலந்து குழந்தை பாதியைக் குடித்தால் பாதி மருந்து வீணாகும். பால் கைபொறுக்கும் சூட்டைத் தாண்டியிருந்தால் பாக்டீரியாக்கள் மடிந்துவிடும். குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னால் அங்கேயே வையுங்கள். திறந்த தேதியைக் குப்பியின் மேல் எழுதி, லேபிளில் குறித்த நாள்களுக்குப் பின் எறிந்துவிடுங்கள்.

ஆன்டிபயாட்டிக்கும் வயிற்றுப்போக்கும்

ஆன்டிபயாட்டிக் எடுக்கும் குழந்தைக்கு வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க ராம்னோசஸ் ஜிஜி திரிபும், சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட்டும் உதவுவதற்கு நல்ல சான்று உண்டு. பயன் வேண்டுமென்றால் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் நாளிலேயே இதையும் தொடங்க வேண்டும். நாளொன்றுக்கு 500 கோடி சிஎஃப்யுவுக்குக் குறையாத அளவு பேசப்படுகிறது. சின்னஞ்சிறு குழந்தைக்கான அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். பாக்டீரியா வகை என்றால் ஆன்டிபயாட்டிக்குக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் ஒன்று மற்றொன்றைக் கொன்றுவிடும். ஈஸ்ட்டை ஆன்டிபயாட்டிக் பாதிப்பதில்லை.

தொற்றால் வரும் வயிற்றுப்போக்குக்கு நிலைமை வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2018இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் பயனில்லை என்று காட்டின. ஐரோப்பியக் குழந்தை மருத்துவ வல்லுநர்கள் சில திரிபுகளை இன்னும் ஏற்கிறார்கள். இந்த விவாதம் எப்படி முடிந்தாலும், உயிரைக் காப்பது ஓ.ஆர்.எஸ். கரைசலும் தொடர்ந்த பாலூட்டலும்தான். அத்துடன் 10 முதல் 14 நாள் துத்தநாகம், 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20 மில்லிகிராம் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. புரோபயாட்டிக் சாஷேயை, அதாவது தூள் பொட்டலத்தை, கரைத்துக் கொடுத்துவிட்டு ஓ.ஆர்.எஸ். கொடுக்காமல் காத்திருப்பது ஆபத்து.

யாருக்குக் கொடுக்கக் கூடாது

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வீட்டில் யாரும் தாமாகப் புரோபயாட்டிக் கொடுக்கக் கூடாது. குடல் திசு அழுகும் கொடிய நோயைத் தடுக்கச் சில மருத்துவமனைகள் தேர்ந்த திரிபுகளைக் கண்காணிப்போடு தருகின்றன. அது மருத்துவர்களின் முடிவு. குடல் சுவர் முதிராத அந்தக் குழந்தைகளின் இரத்தத்தில் அதே பாக்டீரியா புகுந்து தொற்றாக மாறலாம். புரோபயாட்டிக் கொடுக்கப்பட்ட ஒரு குறைமாதக் குழந்தை இறந்ததை அடுத்து, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 செப்டம்பரில் எச்சரிக்கை விடுத்தது. 2014இலும் பூஞ்சை கலந்த பவுடரால் ஒரு குறைமாதக் குழந்தை உயிரிழந்தது. நோயெதிர்ப்புக் குறைபாடு, இதயக் கோளாறு, குடல் அறுவைச் சிகிச்சை, இரத்தக்குழாயில் நெடுநாள் செருகப்பட்ட குழாய் ஆகியவை உள்ள குழந்தைக்கும் தாய்க்கும் இதே விதி. அத்தகைய குழாய் உள்ளவர் அருகில் ஈஸ்ட் சாஷேயைப் பிரிப்பதுகூடக் கூடாது. காற்றில் பறக்கும் தூள் போதும்.

மருந்து தொடங்கிய பின் தோல் தடிப்பு, தொடர் வாந்தி, காய்ச்சல், வழக்கத்துக்கு மாறான சோர்வு தோன்றினால் உடனே நிறுத்தி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லவும். ஒருவேளை இரத்தத்தில் தொற்று என்று தெரியவந்தால், எந்தத் திரிபு கொடுக்கப்பட்டது என்ற விவரம் ஆய்வகத்துக்கும் சிகிச்சைக்கும் தேவைப்படும்.